காந்தம் ஒட்டாது, துருவும் பிடிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய டைகாஸ்ட் (உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த) போர் விமான மாடலை விற்பவர் 'லேசான துரு, துடைத்தால் போய்விடும்' என்றால் உடனே பணத்தை நீட்டிவிட வேண்டாம். இவை இரும்பு அல்ல. சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்த துத்தநாகக் கலவை, 'ஜமாக்' என்று பெயர். காந்தம் ஒட்டாது (அதனாலேயே போலி என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு), செந்துருவும் பிடிக்காது.

வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது மேலோடு நிற்கும் அரிப்புதான். பயப்பட வேண்டியது விரிசலுக்கு. இந்தக் கலவையில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வார்க்கும்போது கழிவு உலோகத்தோடு ஈயம் கூடிவிட்டால், ஈரக்காற்று பட்டுப் பட்டு உள்ளிருந்தே அரித்து உலோகம் உப்பும். சேகரிப்பாளர்கள் 'ஜிங்க் பெஸ்ட்' என்பது இதைத்தான். பக்கத்து மாடலுக்குத் தொற்றாது, ஆனால் பிடித்ததற்கு மருந்தும் கிடையாது. பட்டி பூசி பெயின்ட் அடித்தாலும் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும்.

மிக்-21 மாடல் என்றால் இறக்கை உடம்போடு சேரும் இடத்தையும் வால் துடுப்பின் அடியையும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முடி போன்ற கோடு, பெயின்டுக்கு அடியில் கொப்புளம், மூட்டில் புதிதாகத் தெரியும் இடைவெளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். ஸ்கேலும் கையில் இருக்கட்டும். அசல் விமானத்தின் இறக்கை அகலம், அதாவது ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை, 7.15 மீட்டர். 1:72 (அசலில் 72-இல் ஒரு பங்கு) மாடல் என்றால் 99 மில்லிமீட்டர் வர வேண்டும். 72 மில்லிமீட்டர்தான் வருகிறதென்றால் அது 1:100 மாடல், விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது முதலில் வளைவது மூக்கில் ஊசிபோல நீட்டியிருக்கும் பிட்டோ குழாய் (அசல் விமானத்தில் வேகத்தை அளக்க உதவுவது). இறக்கையின் அடியில் இரு பக்கமும் பிடித்துத் தூக்க வேண்டும். சக்கரக் கால் குழியில் இறங்காவிட்டால் அழுத்தாதீர்கள். குழிக்குள் பெயின்ட் தேங்கியிருக்கும். காலின் முளையை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு தேய்த்தால் போதும். தொளதொளவென்று இருந்தால் வெள்ளை ஃபெவிகால் ஒரு துளி. சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி விமானி அறையின் கண்ணாடியில் பனிபோலப் படிந்துவிடும். தின்னரும் ஸ்பிரிட்டும் அச்சடித்த எண்களையும் வட்டச் சின்னங்களையும் கரைத்துவிடும். தூசிக்கு மேக்கப் பிரஷ் போதும்.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மூடிய கண்ணாடிப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் அவசியம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள், மாற்றுங்கள். பீரோ பழக்கத்தில் அந்துருண்டையை மட்டும் உள்ளே போட்டுவிடாதீர்கள். உலோகம் தாங்கும், ஏவுகணைகளும் கண்ணாடி மூடியும் பிளாஸ்டிக். அந்த ஆவியில் மென்மையாகிப் பிசுபிசுக்கும்.

விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முழு விமானத்தின் அழகான படம் பத்து போடுகிறீர்கள், இறக்கையின் வேரையும் வாலின் அடியையும் கிட்டத்தில் எடுத்த படம் தலா ஒன்று சேர்த்துப் போடுங்கள்.

— மாடல் சேகரிக்கும் வாசகர்கள், சென்னை