நிறை வேறு, எடை வேறு: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பில் இப்போது இயக்க விதிகள் பாடம் நடக்கிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதில் மதிப்பெண்ணை விடுவது நிறை, எடை கணக்குகளில்தான். காரணம் சோம்பல் அல்ல, நம் பேச்சு வழக்கு. "வெங்காயம் ரெண்டு கிலோ எடை போடுங்க" என்று ஊரே சொல்கிறது. பாடநூலோ கிலோகிராம் நிறையின் அலகு, எடையின் அலகு நியூட்டன் என்கிறது. கடையில் பேசுவதைத் திருத்த வேண்டாம், அது அங்கே சரிதான். விடைத்தாளில் மட்டும் "எடை = 50 கி.கி" என்று எழுதினால் தவறு.

நிறை என்பது ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது. அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசைதான் எடை. எடை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம். 50 கி.கி நிறையுள்ள பிள்ளையின் எடை 50 × 9.8 = 490 நியூட்டன். நிலவில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 1.62 மீ/வி². அங்கே அதே பிள்ளையின் எடை 81 நியூட்டன்தான், ஆனால் நிறை அதே 50 கி.கி. "நிலவில் நிறை ஆறில் ஒரு பங்காகும்" என்று எழுதுவது அடிக்கடி வரும் பிழை. இன்னொன்று, கிராமை மாற்றாமல் பெருக்குவது: 250 கிராமுக்கு விடை 2450 நியூட்டன் அல்ல, 0.25 × 9.8 = 2.45 நியூட்டன்.

யூடியூபில் பாடம் பார்க்கும் பிள்ளைகளுக்காக ஒரு எச்சரிக்கை. இலங்கைப் பாடநூல்களில் நாம் நிறை என்பதைத் திணிவு என்பார்கள். நாம் எடை என்பதை அவர்கள் நிறை என்பார்கள். அந்தக் காணொளிகள் தவறில்லை, சொல்தான் வேறு. இது தெரியாமல் பார்க்கும் பிள்ளைக்கு எல்லாம் தலைகீழாகப் பதிந்துவிடும்.

தராசுகளைப் பற்றியும் வீட்டில் பேசுங்கள். இரு தட்டுத் தராசில் பொருளையும் படிக்கல்லையும் ஒரே ஈர்ப்புதான் இழுக்கிறது. அதனால் எங்கே கொண்டுபோனாலும் 1 கிலோ 1 கிலோதான். சுருள்வில் தராசும் மின்னணுத் தராசும் அப்படியல்ல. அவை உணர்வது விசையை, முகப்பில் காட்டுவது கிலோகிராமை. டெல்லியில் 1 கிலோ படிக்கல்லை வைத்துச் சரிசெய்த மின்னணுத் தராசைச் சென்னைக்குக் கொண்டுவந்தால், நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதால், அதே கல்லுக்குச் சுமார் 0.9 கிராம் குறைத்துக் காட்டும். வெங்காயத்துக்கு இது பொருட்டல்ல, தங்கத்துக்குப் பொருட்டு. நுட்பமான தராசுகளைப் பயன்படுத்தும் ஊரிலேயே படிக்கல் வைத்துச் சரிசெய்வது இதனால்தான்.

நிறையை ஈர்ப்பின் துணையில்லாமல் அளக்க முடியுமா? முடியும், வீட்டு மேசையிலேயே. 12 அங்குல ஹேக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து, பற்கள் கையைக் கிழிக்காதபடி செலோடேப் ஒட்டுங்கள். ஒரு முனையில் 5 செ.மீ. அளவை மேசை விளிம்பில் மரக்கட்டையோடு சேர்த்துக் கிளாம்பால் இறுக்குங்கள். பிளேடின் தட்டையான பக்கம் சுவரைப் போல நிமிர்ந்து நிற்க வேண்டும். அப்போது அது இடம் வலமாக ஆடும், ஈர்ப்பு அந்த ஆட்டத்தில் தலையிடாது. படுக்கையாக வைத்தால் பாரத்தில் பிளேடு கீழே வளைந்துவிடும், சோதனை வீண். மறுமுனையில் 50 கிராம் களிமண்ணைப் பிளேடின் இருபுறமும் சமமாக அப்பி, டேப் சுற்றி, மெல்ல இழுத்துவிட்டு 20 ஆட்டங்களுக்கான நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு 100 கிராம் அப்புங்கள். நேரம் இரட்டிக்காது, ஏறத்தாழ 1.4 மடங்காகும், ஏனெனில் நிறையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஆட்டக்காலம் மாறுகிறது. விடை மிகவும் விலகினால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, களிமண் நழுவுகிறதா என்று பாருங்கள். ஒரே ஆட்டத்தை அளந்து கணக்கிடுவதும் பிழையைப் பெரிதாக்கும்.

1973-இல் ஸ்கைலாப் விண்நிலையத்தில் வீரர்கள் தம் உடல் நிறையை அளந்ததும் இந்த முறையில்தான்: வில்லோடு இணைத்த இருக்கையில் அமர்ந்து ஆடினார்கள், ஆட்டக்காலத்திலிருந்து நிறை கிடைத்தது. அங்கே ஈர்ப்பே இல்லை என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். 400 கி.மீ. உயரத்திலும் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 8.7 மீ/வி². விண்கலமும் வீரரும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதப்பு.

லிஃப்ட் உள்ள கட்டடத்தில் இருப்பவர்கள் முள் வைத்த எடை இயந்திரத்தில் பிள்ளையை நிறுத்திப் பார்க்கலாம். மின்னணு இயந்திரம் முதலில் வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும், அது உதவாது. லிஃப்ட் 1 மீ/வி² முடுக்கத்தில் மேலே கிளம்பும் கணத்தில் 50 கி.கி பிள்ளைக்கு முள் சுமார் 55-ஐத் தொடும், சீரான வேகம் வந்ததும் 50-க்குத் திரும்பும். பாடத்தில் வரும் தோற்ற எடை இதுவே.

பிளேடு சோதனையின் அளவுகளை, தவறிப்போனவற்றையும் அழிக்காமல், அறிவியல் குறிப்பேட்டில் அட்டவணையாக எழுதி வரும் திங்கட்கிழமை பிள்ளைகள் கொண்டுவரட்டும். கிளாம்ப் இல்லாதவர்கள் பள்ளி ஆய்வகத்தில் கேட்டு வாங்கிச் செல்லலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்