விதி மாறியது சரி, விசில் ஊதுபவரை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேலிக் கால்பந்தின் புதிய விதிகள் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். அயர்லாந்து எல்லையைத் தாண்டினால் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆள் குறைவு. தமிழில் இடம் கொடுத்ததற்கு நன்றி. முதலில் ஒரு திருத்தம். 2025 ஜூலை 27 அன்று நடந்த அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் கெர்ரி அணி 1-26, டோனிகால் அணி 0-19 என்று இருந்தால், முதல் எண் கோல், இரண்டாவது எண் புள்ளி. ஒரு கோலுக்கு 3 புள்ளி. ஆகவே கெர்ரி எடுத்தது செய்தியில் வந்த 27 அல்ல, 29. வெற்றி வித்தியாசம் 10 புள்ளி.

செய்தியில் விடுபட்டது இதைவிடப் பெரியது. இந்த விதிகளைக் களத்தில் நடத்தப்போவது யார், எதை வைத்து என்ற கேள்வியே அதில் இல்லை. அயர்லாந்தில் ரசிகர்கள் இப்போது அடித்துக்கொள்வது அதைப் பற்றித்தான்.

மாற்றம் ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு 15 பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் நாலு எட்டுக்கு மேல் சும்மா எடுத்துக்கொண்டு ஓட முடியாது. தரையில் ஒருமுறை தட்ட வேண்டும், அல்லது கால்நுனியில் தட்டித் திரும்பக் கைக்கு எடுக்க வேண்டும். கோல்கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல். கடந்த சில ஆண்டுகளில் எல்லா அணிகளும் ஒரே வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டன. பந்து கை மாறியதும் பதினான்கு பேரும் தங்கள் கோல் அருகே போய்ச் சுவர் எழுப்பிவிடுவார்கள். எதிரணி அந்தச் சுவருக்கு வெளியே இடமும் வலமுமாகப் பந்தைக் கைமாற்றிக்கொண்டே நிற்கும். வேலை இல்லாத கோல்கீப்பர்கூட முன்னேறி வந்து அந்தக் கைமாற்றத்தில் சேர்ந்துகொள்வார். பார்க்க வந்தவர்களுக்கு அலுத்துப்போனது.

2024இல் கேலிக் விளையாட்டுச் சங்கம் அமைத்த குழுவுக்கு ஜிம் கேவின் தலைவர். டப்ளின் அணியை 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை அகில அயர்லாந்துக் கோப்பையை வெல்ல வைத்த பயிற்சியாளர். அவர் குழு கொடுத்த விதிகள் 2025 முழுவதும் சோதனையாக ஓடின. அக்டோபர் 4 அன்று சிறப்பு மாநாட்டில் நிரந்தரமாயின. ஒவ்வொரு அணியும் எதிரணியின் பாதியில் எப்போதும் 3 பேரை நிறுத்த வேண்டும், தன் பாதியில் 4 பேரை நிறுத்த வேண்டும். கோலிலிருந்து 40 மீட்டரில் ஒரு வளைகோடு. அதற்கு வெளியிலிருந்து உதைத்துக் கம்பிக்கு மேல் அனுப்பினால் 2 புள்ளி. ஆட்டத்தை மீண்டும் தொடங்கக் கோல்கீப்பர் உதைக்கும் பந்தும் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். நடுவரை எதிர்த்துப் பேசினால், எதிரணிக்குக் கிடைத்த உதை 50 மீட்டர் முன்னே போகும். முன்பு அது 13 மீட்டர்தான். நடுவரிடம் பேசும் உரிமை அணித் தலைவருக்கு மட்டும்.

இந்த விதிகளை நான் மனதார வரவேற்கிறேன். உயரே எழும்பிப் பந்தைப் பிடிக்கும் அழகு நடுக்களத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. 50 மீட்டர் தண்டனை வந்த பிறகு, விசில் ஊதியதும் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு நடுவரைச் சூழும் கூட்டம் கரைந்துபோனது. இப்போது தவறு செய்தவர் பந்தை உடனே எதிராளியிடம் கொடுத்துவிட்டு விலகுகிறார். இல்லாவிட்டால் தன் அணிக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு புள்ளி உதையின் மதிப்பைப் பற்றித்தான் பெரிய வாதம். கோலுக்கு 3, தொலைவிலிருந்து இரண்டு உதைக்கு 4 என்றால் கோல் எதற்கு என்று கேட்கிறார்கள். கோலுக்கு 4 கொடுத்துக் குழு சோதித்துப் பார்த்துப் பிறகு விட்டுவிட்டது. விட்டது சரி என்பேன். 2025 லெய்ன்ஸ்டர் மாகாண இறுதியில் லௌத் 3-14, மீத் 1-18. கம்பிக்கு மேலே அதிகம் சேர்த்தது மீத். கோப்பையை எடுத்தது லௌத், 1957க்குப் பிறகு முதன்முறையாக. கோலின் விலை குறையவில்லை. காற்றைப் பற்றிய குறை மட்டும் நியாயமானது. பலத்த காற்று முதுகில் அடிக்கும் பாதி ஆட்டத்தில் 40 மீட்டர் உதை எளிது, எதிர்க்காற்றில் அதுவே வீண் முயற்சி. எண்பதாயிரம் பேர் கூடும் டப்ளின் குரோக் பார்க்கின் உயர்ந்த கூரைகளுக்கு நடுவே இது அவ்வளவாகத் தெரியாது. கடலோரக் கிளப் மைதானத்தில் டாஸே ஆட்டத்தைத் தீர்த்துவிடும்.

கிளப் மைதானத்துக்கு வந்தால் நிலைமை எப்படி என்று பாருங்கள். மாவட்ட அணிகளின் பெரிய ஆட்டங்களில் நடுவருக்கு இரண்டு கோட்டு நடுவர்கள் உண்டு. கோலுக்கு இருவர் வீதம் வெள்ளை அங்கியில் நாலு அம்பயர்கள் உண்டு. நேரத்தைப் பார்க்கத் தனி ஆள், பொதுக் கடிகாரம், சங்கு எல்லாம் உண்டு. கீழ்நிலைக் கிளப் ஆட்டத்தில் கோட்டு நடுவர்களாக வருவது பெரும்பாலும் அந்த இரண்டு கிளப்களின் ஆட்கள். கையில் கொடி இருக்கும், பயிற்சி இருக்காது. சங்கு இல்லை. நேரம் நடுவரின் கைக்கடிகாரத்தில்.

அங்கே ஒரே ஒரு தாக்குதலில் நடுவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பந்து வைத்திருப்பவர் எத்தனை அடி வைத்தார்? கையால் தள்ளினாரா, முறையாகத் தட்டினாரா? தடுப்பவர் இழுத்தாரா? உதைத்தபோது கால் வளைகோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? இதே நொடியில் அவர் முதுகுக்குப் பின்னால், 60 மீட்டர் தள்ளி, மூன்று பேர் பாதிக்கோட்டுக்கு அப்பால் நிற்கிறார்களா? முன்னால் பார்த்தால் பின்னால் தெரியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒருவரால் முடியாது. விதிமீறலும் வேண்டுமென்றே நடப்பதில்லை. பந்து பறிபோன நொடியில் முன்னணி வீரர் ஒருவர் பழக்கத்தில் எதிராளியைத் துரத்திக்கொண்டு இரண்டு அடி கோட்டைத் தாண்டிவிடுகிறார், அவ்வளவுதான். அதைப் பார்த்து ஊதினால் ஒரு பக்கம் திட்டு, பார்க்காமல் விட்டால் மறுபக்கம் திட்டு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இதற்கு மருந்து பெரிய செலவில்லாதது. பாதிக்கோட்டை எண்ணுவதைக் கோட்டு நடுவர்களின் முதல் வேலையாக வைக்க வேண்டும். அந்த இருவரும் ஆடும் கிளப்களைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் பந்தோடு ஓடட்டும். மற்றவர் பாதிக்கோட்டின் முனையிலேயே நின்று இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக எண்ணட்டும். பந்து மறுபக்கம் போனால் இருவரும் வேலையை மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொடுத்துவிடக்கூடிய வேலை இது. ஆனால் ஆள் வர வேண்டுமே! பயணப்படி கட்டுப்படியாக வேண்டும், வசவு கேட்காமல் வீடு திரும்ப வேண்டும்.

வளைகோடு போடுவதிலும் தவறு நடக்கிறது. சில மைதானங்களில் அதை நடந்து, அடி எண்ணிப் போடுகிறார்கள். சில இடங்களில் நைலான் கயிற்றால் இழுக்கிறார்கள். ஈரத்தில் கயிறு நீளும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் அரை மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அந்த அரை மீட்டரில்தான் ஒரு புள்ளியா, இரண்டு புள்ளியா என்ற சண்டை முளைக்கிறது. கோல் 6.5 மீட்டர் அகலம். கம்பத்திலிருந்து 3.25 மீட்டரில், கோல்கோட்டின் மேலேயே முளை அடிக்க வேண்டும். வலைக்குப் பின்னால் அடிக்கக் கூடாது. நீளாத கண்ணாடியிழை அளவுநாடாவில் 40 மீட்டர் எடுத்து, ஐந்து ஐந்து மீட்டருக்கு ஒரு சிறு கொடி நட்டு, பிறகுதான் சுண்ணாம்பு வண்டியை ஓட்ட வேண்டும். சரிபார்க்க இரண்டு இடம் உண்டு. கோலுக்கு நேர் எதிரே வளைகோட்டின் உச்சிக்கும் 45 மீட்டர் கோட்டுக்கும் நடுவே சரியாக 5 மீட்டர் இருக்க வேண்டும். 20 மீட்டர் கோட்டை வளைகோடு தொடும் இடம் கோலின் நடுவிலிருந்து பக்கவாட்டில் 34.64 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் சுண்ணாம்பு வண்டியை எடுக்கக் கூடாது.

அம்பயர்களுக்கு வெள்ளை, பச்சைக் கொடிகளோடு இப்போது இரண்டு புள்ளிக்கான ஆரஞ்சுக் கொடியும் வந்துவிட்டது. ஆனால் 40 மீட்டர் தள்ளி, ஆட்களுக்கு நடுவே உதைத்த கால் எங்கே இருந்தது என்று கோல்கம்பத்தடியில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? ஹாக்-ஐ கருவி பந்து கம்பங்களுக்கு நடுவே போனதா என்பதை மட்டும் பார்க்கும். அதுவும் பெரிய மைதானங்களில்தான். 2022 ஜூலையில் கால்வே–டெர்ரி அரையிறுதியில் நல்ல புள்ளி ஒன்றை அது வெளியே என்று காட்டிவிட்டது, இடைவேளையில்தான் திருத்தினார்கள். கருவியும் தவறும்; தவறியதைத் திருத்த வழி இருந்ததுதான் முக்கியம்.

2010இல் அந்த வழி இல்லை. லெய்ன்ஸ்டர் இறுதி, அதே லௌத், அதே மீத். கூடுதல் நிமிடங்களில் லௌத் ஒரு புள்ளி முன்னே. மீத் வீரர் ஒருவர் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்து உள்ளே தள்ளியதைக் கோல் என்று கொடுத்துவிட்டார்கள். மீத் 1-12, லௌத் 1-10. ரசிகர்கள் களத்தில் புகுந்து நடுவரைத் தாக்கினார்கள். மறு ஆட்டத்துக்குச் சங்கம் உத்தரவிடவில்லை, மீத் முன்வரவுமில்லை. அன்று அடி வாங்கியது ஒரு தனி மனிதர். அம்பயர்களோடு நின்று கலந்து பேசிவிட்டு முடிவு சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இருந்திருந்தால் அவர் மேல் கை விழுந்திருக்காது. இன்றைக்கும் கிளப் ஆட்டத்தில் அந்தக் கலந்தாலோசனை நடுவரின் விருப்பத்தில்தான் நிற்கிறது. அதைக் கட்டாயமாக்க எந்தக் கருவியும் வேண்டாம்.

இனி மைதான நிதி. பெல்ஃபாஸ்டின் கேஸ்மெண்ட் பார்க்கில் 2013க்குப் பிறகு ஆட்டமே இல்லை. 2011இல் வட அயர்லாந்து அரசு மூன்று மைதானங்களுக்கு நிதி அறிவித்தது. ரக்பிக்கான ரேவன்ஹில்லும், சாக்கர் எனப்படும் வழக்கமான கால்பந்துக்கான வின்சர் பார்க்கும் எழுந்துவிட்டன. கேஸ்மெண்டில் புல்தான் வளர்ந்தது. 38,000 பேருக்கான முதல் திட்டத்தை 2014 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆபத்து வேளையில் ரசிகர்களைப் பத்திரமாக வெளியேற்ற முடியுமா என்ற கேள்வியும் அதன் பிறகு எழுந்தது. சுமார் 34,500 பேருக்கானதாகக் குறைத்து மறு அனுமதி வாங்க 2021 ஆனது. 2028 ஐரோப்பிய சாக்கர் கோப்பைக்கு ஏற்றபடி கட்டினால் 40 கோடி பவுண்டுக்கு மேல் ஆகும் என்றதும் 2024 செப்டம்பரில் லண்டனில் உள்ள பிரிட்டன் அரசு பின்வாங்கியது.

தொடக்கத்தில் மொத்தச் செலவு 7.75 கோடி பவுண்டு. இப்போது சுமார் 27 கோடி. வட அயர்லாந்து அரசின் 6.25 கோடி பவுண்டு, சங்கத்தின் 1.5 கோடி பவுண்டு, டப்ளின் அரசின் 5 கோடி யூரோ, 2025 ஜூனில் லண்டன் தந்த 5 கோடி பவுண்டு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 17 கோடி பவுண்டு. மீதி 10 கோடி அளவுக்குத் துண்டு விழுகிறது. தாமதம்தான் இந்தச் செலவைத் தின்றது. கேஸ்மெண்டை நம்பியிருக்கும் ஆண்ட்ரிம் மாவட்டத்துக்குச் சொந்த மைதானம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பணம் முழுதாகச் சேரும்வரை காத்திருந்தால் 27 கோடி மறுபடி ஏறும். கையில் இருப்பதற்கு ஏற்ற முதல் கட்டத்தைக் கட்டி ஆட்டத்தைத் தொடங்கி, மீதி இருக்கைகளைப் பிறகு சேர்க்கும் வடிவத்தைப் பரிசீலிக்க வேண்டும்.

கார்க் நகரில் 2017இல் திறந்த பார்க் ஈ க்வீவ் கொடுத்த பாடம் வேறு. அங்கே 45,000 பேர் ஆட்டம் பார்க்கலாம், அரசு கொடுத்தது 3 கோடி யூரோ. செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போய், கடன் கழுத்தை நெரித்தது. 2024இல் பெயர் உரிமையை ஒரு பல்பொருள் அங்காடி நிறுவனத்துக்குக் கொடுக்கப்போய், சங்கத்தின் நெடுநாள் பொதுச் செயலாளராக இருந்தவரின் பெயரே மைதானத்திலிருந்து மறையும் நிலை வந்தது. ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகு இரண்டு பெயரும் சேர்ந்து நின்றன. 2018இல் மறைந்த சாக்கர் வீரர் லியாம் மில்லரின் குடும்பத்துக்காக ஒரு நிதி ஆட்டத்துக்கு அந்த மைதானத்தைக் கேட்டபோது, சாக்கருக்கு விதி இடம் தராது என்று சங்கம் முதலில் மறுத்துப் பிறகு இறங்கிவந்தது. பொதுப்பணத்தில் எழுந்த மைதானத்தை இத்தகைய ஆட்டங்களுக்குத் திறந்துவிடுவதை மானிய ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் அந்தத் தலைகுனிவு நேர்ந்திருக்காது. கேஸ்மெண்ட் ஒப்பந்தத்தில் எழுத இன்னும் நேரம் இருக்கிறது.

மைதான மானியம் கட்டடத்துக்கு என்று வருவது. அதை எடுத்து நடுவருக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் குரோக் பார்க்கின் நுழைவுச்சீட்டு வருமானமும் ஒளிபரப்பு வருமானமும் சங்கத்தின் சொந்தப் பணம். ஆண்டுதோறும் அதில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆடும் கிளப்களைச் சேராத கோட்டு நடுவர்களை உருவாக்கவும், வயதுவந்தோர் ஆடும் எல்லா மைதானங்களிலும் வளைகோட்டை அளந்து சரிபார்க்கவும் செலவிடலாம். வேலைக்கு நல்ல காலம், வசந்தத்தில் கிளப் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
டப்ளின்