மேலே பார்த்து மட்டுமே அளக்கிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் பதிவாகும் என்று 2025 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்ததிலிருந்து எங்கள் சொந்தபந்தத்தில் இதே பேச்சுதான். தலைமுறைகளாக நிலம் வைத்திருந்த சாதி எங்களுடையது. கல்யாண வீட்டில் கூடினால் ‘ஆண்ட பரம்பரை’ என்று பெருமை பேசுகிறவர்கள், பந்தி முடிவதற்குள் ‘நம்மள மாதிரி நசுக்கப்பட்டவங்க யாருமில்ல’ என்கிறார்கள். இரண்டையும் மனதார நம்பியே சொல்கிறார்கள்.

1901 கணக்கெடுப்பில் ஆணையர் ரிஸ்லி சாதிகளை அந்தஸ்து வரிசையில் அடுக்கப் பார்த்தார். ‘எங்களை க்ஷத்திரியர் என்று எழுதுங்கள்’, ‘வைசியர் என்று எழுதுங்கள்’ என மனுக்கள் குவிந்தன. 1911-இல் வங்காளத்தில் வந்த மனுக்களின் எடை மட்டும் ஒன்றரை மணங்கு. 50 கிலோவுக்கு மேல்! (இழிவைச் சுமந்தவர்கள் வேறு பெயர் கேட்டதை இதில் சேர்க்க மாட்டேன். அது மானப் பிரச்சினை.) இன்று காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. 2015-இல் எங்களைப் போலவே நிலம் வைத்திருந்த சாதியான குஜராத்தின் பட்டிதார்கள், பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். மகாராஷ்டிரத்தின் மராத்தாக்களும் போராடி ஒதுக்கீடு பெற்றார்கள்; அதை 2021-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

விவசாயம் நொடித்தது பொய்யில்லை. எங்கள் வீட்டிலும் நிலம் கைவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் அந்த வயலில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. எப்போதும் எங்களுக்கு மேலே இருப்பவரைப் பார்த்தே அளந்துகொள்கிறோம்.

பத்து வயதில், என் தாத்தாவைவிட மூத்த ஒரு பெரியவரை நான் பெயர் சொல்லி ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை ‘சின்னய்யா’ என்பார். வீட்டில் யாரும் என்னைத் திருத்தவில்லை. அது சாதி என்றே எனக்குத் தெரியாது. ஊர் வழக்கம் என்று நினைத்தேன். அதே நான் கல்லூரியில் ‘இப்பல்லாம் யாருங்க சாதி பார்க்கிறா?’ என்று வாதாடியிருக்கிறேன். எனக்கு அது உறைக்காமல் இருந்ததே என் சாதி கொடுத்த சலுகை. அந்தப் பெரியவருக்கு ஒருநாளும் அது மறந்திருக்காது.

பீகார் 2023-இல் சாதியோடு வருமானத்தையும் கணக்கெடுத்தது. மாதம் 6,000 ரூபாய்க்குள் வாழும் குடும்பங்கள் பொதுப்பிரிவில் சுமார் 25 விழுக்காடு, பட்டியல் சாதிகளில் சுமார் 43 விழுக்காடு. எங்கள் உறவினர்கள் சொல்லும் வறுமையும் அதில் இருக்கிறது, அவர்கள் பார்க்க மறுப்பதும் இருக்கிறது. வெறும் தலையெண்ணிக்கை வந்தால் ‘நாங்கள் இத்தனை பேர்’ என்று சுவரொட்டி அடிக்கத்தான் உதவும். ஆகவே எல்லாச் சாதிகளுக்கும், எங்களுடையது உட்பட, யாரிடம் எவ்வளவு நிலம், யாருக்கு என்ன வேலை என்ற விவரமும் சேர்ந்தே வெளிவர வேண்டும் என்று உங்கள் இதழ் வலியுறுத்தி எழுத வேண்டும். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளரிடம் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல நான் தயார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்