47ஆம் பக்கம்

ஹட்டன்
ஞாயிறு இரவு

பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற பிள்ளையிடம் ஒரு ரீம் பேப்பரும் அம்மா செய்த கட்டசம்பல் போத்தலும் கொடுத்தனுப்புகிறேன். போத்தலை நிமிர்த்தியே வை, மூடி கொஞ்சம் லூஸ். ரீம் எது என்று உனக்கே தெரியும். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டில் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்களே, அப்போது எடுத்து வைத்தது. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். நீ ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாய். கடையில் மிஞ்சிய இரண்டு ரீமில் ஒன்றுக்கு இரண்டு பொலித்தீன் உறை சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தேன். "ரிசல்ட்டே இன்னும் வரல, அதுக்குள்ளேயா?" என்று அம்மா கேட்டாள். வந்ததா இல்லையா?

80 ஜி.எஸ்.எம். தாள். இப்போதே பிரித்துவிடாதே. நம்ம ஊர் பனியில் ரீமை ஒரு இரவு திறந்து வைத்தாலே விடியும்போது தாளின் ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், பிரின்டர் இரண்டு இரண்டாக இழுக்கும். பேராதனையில் இந்த அளவு ஈரம் இல்லை, ஆனால் மகாவலி பக்கத்திலேயே ஓடுகிறது. பிரின்ட் எடுக்கிற அன்றைக்குப் பிரித்தால் போதும்.

இந்தப் பிள்ளையின் ஆய்வேட்டை வியாழக்கிழமை கட்டிக் கொடுத்தேன். கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து, நன்றாக வந்திருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "நல்லா இருக்கா அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற பேனைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பினதெல்லாம் நீலமாகிவிட்டது, அதனால் பார்க்கிறாய் என்று தெரியும். வேலை இருக்கும்.

இதை லேஅவுட் விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். வருஷா வருஷம் என் கையால் எத்தனை பிள்ளைகளின் ஆய்வேடு போகிறது. என் சொந்தப் பிள்ளையின் ஆய்வேடு ஓரம் வெட்டுப்பட்டுப் போனால் நான் எப்படிக் கடையில் உட்காருவது?

இடது ஓரம் ஒன்றரை அங்குலம். மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம். ஏன் இடது பக்கம் மட்டும் கூட என்று சின்ன வயதில் கேட்டாயே, ஞாபகமா? பைண்டர் அந்த ஓரத்தில்தான் ஊசி போடுவார். பிறகு மற்ற மூன்று பக்கத்தையும் சமப்படுத்த வெட்டுவார். ஓரம் குறைந்தால் வரியின் முதல் எழுத்து தையலுக்குள் போய்விடும், ஆளைக் குறை சொல்ல முடியாது. உங்கள் துறையில் விதித்தாள் ஒன்று தந்திருப்பார்கள். அதில் வேறு அளவு இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும், நான் சொல்வதை விட்டுவிடு.

உன்னுடையது புவியியல், வரைபடம் நிறைய. படுக்கையாகப் போடுகிற வரைபடத்தில்தான் எல்லாப் பிள்ளைகளும் பிழை விடுகிறார்கள். தாளைத் திருப்பிக் கட்டும்போது வரைபடத்தின் மேல்பக்கம்தான் தையலுக்குப் போகும். ஆகவே அந்தத் தாளில் ஒன்றரை அங்குலம் மேலே இருக்க வேண்டும், இடது பக்கத்தில் இல்லை. அந்த ஒரு தாளுக்கு முன்னும் பின்னும் செக்‌ஷன் பிரேக் போடு. சும்மா என்டர் தட்டித் தட்டி அடுத்த பக்கத்துக்குப் போகாதே. படத்தின் தலைப்பு படத்துக்குக் கீழே, அட்டவணையின் தலைப்பு அட்டவணைக்கு மேலே. நன்றியுரை, சுருக்கம், பொருளடக்கம் எல்லாம் சின்ன ரோம எண். முதலாம் அத்தியாயத்தில் 1 தொடங்கும்.

தமிழ் எழுத்துரு விஷயம் தனிக் கதை. பாமினியில் அடித்த பழைய பகுதி ஏதாவது இருந்தால் யூனிகோடுக்கு மாற்றும்போது தமிழை மட்டும் தெரிவு செய்து மாற்று. பாமினியில் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியும் அரைப்புள்ளியும் இருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. முழு ஃபைலையும் தூக்கி மாற்றினால், உசாத்துணைப் பட்டியலில் உள்ள ஆங்கில நூல்களின் பெயர் எல்லாம் ஒரு மொழியும் இல்லாத குப்பையாகிவிடும். நானே ஒரு பையனுக்கு அப்படிச் செய்து, பார்க்காமல் கட்டியும் கொடுத்துவிட்டேன். மூன்று பிரதியையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

லதா எழுத்துரு 12இல் போட்டால் பக்கத்தில் நிற்கிற ஆங்கிலச் சொல்லைவிடப் பெரிதாகத் தெரியும், வரியும் மேலும் கீழுமாகத் தள்ளும். தமிழை 11 ஆக்கிப் பார். விதித்தாளில் 12 என்று இருந்தால் 12தான். கடைக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடு, எழுத்துரு எங்கேயும் ஓடாது.

முக்கியமாகத் தலைப்புகளுக்கு வேர்டில் இருக்கிற ஹெடிங் ஸ்டைல் போடு. போல்ட் பண்ணிப் பெரிதாக்குவது தலைப்பு இல்லை. ஸ்டைல் போட்டால்தான் பொருளடக்கம் தானாக வரும். கையால் புள்ளி புள்ளியாகத் தட்டிப் பக்க எண் எழுதுகிற பிள்ளைகள் கடைசி இரவு என் கடையில் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டைல் போடு.

அம்மா முழங்காலுக்குக் கண்டிக்குப் போய்க் காட்டினோம். அதைப் பிறகு எழுதுகிறேன். அப்பாயி நன்றாக இருக்கிறார். உன்னை ஒவ்வொரு நாளும் கேட்கிறார். "படிக்கிற பிள்ளைக்கு எத்தனை வேலை" என்று நான்தான் சொல்லிச் சமாளிக்கிறேன். அவருக்கு ஒரு அஞ்சு நிமிஷம் பேசினால் உனக்கு என்ன குறையும் பாப்பா? எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து பேராதனைக்குப் போன முதல் ஆள் நீ. முதுகு அட்டையில் உன் பெயர் தங்கத்தில் வரும்போது அதற்கு முன்னால் நிற்கிற ஒற்றை எழுத்து என்னுடையது. அதை நினைத்து எத்தனை நாள் கடையைத் திறந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

இடது ஓரம் ஒன்றரை அங்குலம் என்று எழுதினேனா? எழுதிவிட்டேன்.

சித்திரைக்கு வந்தபோது நாலாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து தந்தாய். "வாசிச்சுப் பாருங்கப்பா" என்றாய். அடுத்த நாள் சிவப்புப் பேனையால் 41 இடத்தில் திருத்தித் தந்தேன். இரட்டை இடைவெளி, காற்புள்ளிக்கு முன்னால் இடைவெளி, ஒரு பக்கத்தில் ஒன்றரை, மறு பக்கத்தில் இரண்டு வரி இடைவெளி. "வாசிச்சீங்களா?" என்று கேட்டாய். "பார்த்துட்டேன்" என்றேன். நீ தாளை மடித்து பேக்கில் வைத்துக்கொண்டாய். அன்றைக்குப் பிறகு ஆய்வேட்டைப் பற்றி நீ என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

நான் வாசிக்கவில்லை பாப்பா. முதல் பக்கத்தில் 'நேர்காணல் 1, பெண், வயது 78' என்று பார்த்ததும் அது அப்பாயிதான் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுத்தைப் பார்க்காமல் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

போன புதன்கிழமை கடையை மூடிய பிறகு கொம்பியூட்டரில் 'பாப்பா' என்று இருக்கிற ஃபோல்டரைத் திறந்து முழுவதையும் வாசித்தேன். கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து இறங்கியது, அதற்கு வருஷக்கணக்குக்கு முன்பே அந்த இடம் ஆபத்து என்று எச்சரித்திருந்தும் சனம் அங்கேயே இருந்தது, அதை நீ எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது. ஒரு சொல் கூடுதலாக இல்லை. பிறகு நம்ம தோட்டத்துக்கு வந்தாய். அப்பாயி பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாய். பின்சுவர் வெடிப்பில் சாணி மெழுகி வைத்ததும், மறுநாள் மெழுகின இடமே பிளந்து நின்றதும். அந்த வெடிப்புக்குள் என் சுட்டுவிரல் இரண்டாவது கணு வரைக்கும் போகும். அப்போது எனக்கு 12 வயது.

47ஆம் பக்கம், மூன்றாவது பந்தி. "வெடிப்பு உரிய நேரத்தில் தோட்ட வேலைகளைக் கண்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கு அறிவிக்கப்பட்டும் எவ்வித நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை" என்று இருக்கிறது. அப்பாயி உனக்குச் சொன்னது அதுதான். அவருக்குத் தெரிந்ததும் அதுதான்.

அது பிழை. அறிவிக்கப்படவில்லை.

அறிவிக்கச் சொல்லி அனுப்பியது என்னைத்தான். "ஓடிப்போய் கணக்கப்பிள்ளை ஐயாகிட்ட சொல்லிட்டு வா" என்றார் அப்பாயி. தோட்டத்தின் மேல் பிரிவுப் பெடியன்களோடு அன்றைக்கு வாலிபோல் மேட்ச். போகிற வழியில்தான் கிரவுண்ட். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன், இருட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து "சொல்லிட்டேன், பார்க்கிறேன்னாரு" என்றேன். அடுத்த நாள் இரவு மழையில் பின் மேடு இறங்கிக் குசினியை மூடியது. அப்பாயியின் வலது கால் அப்படித்தான் போனது. அந்தக் கணக்கப்பிள்ளைதான் அவரை இரண்டு கையாலும் தூக்கித் தோட்டத்து லொறியில் ஏற்றினார். அப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சொல்லியும் வரலையே இந்த மனுசன்" என்று அவர் காதில் விழவே சொன்னார். அந்த மனுசன் ஒன்றும் புரியாமல் மழையில் நின்றார். நான் லொறிக்குப் பக்கத்தில் நின்றேன். பல வருஷத்துக்குப் பிறகு அவர் செத்தபோதும் அப்பாயி சாவு வீட்டுக்குப் போகவில்லை.

இதை அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு உன் தாளில் 41 சிவப்புக் கோடு போட்டேனே, இந்த ஒரு வரியில் போட எனக்குக் கை வரவில்லை.

அதைத் திருத்து பாப்பா. அப்பாயி சொன்னதை மாற்றாதே, அவர் சொன்னது அவர் சொன்னதாகவே இருக்கட்டும். அதற்குக் கீழே என்னை இன்னொரு நேர்காணலாகச் சேர்த்து நான் சொன்னதைப் போடு. அடிக்குறிப்பாகத்தான் போட முடியும் என்றால் 10 புள்ளி, ஒற்றை வரி இடைவெளி. பெயர் போட வேண்டுமென்றால் போடு. இதனால் உன் வாதம் விழுந்துவிடுமா என்று புதன்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று கிழமையாக அந்த வெடிப்பு எல்லார் கண்ணிலும்தான் பட்டது, ஒருவரும் வந்து பார்க்கவில்லை, அதுவும் உண்மைதான். ஒரு 12 வயதுப் பையன் போய்ச் சொன்னால்தான் லயத்துக்கு ஆள் வருவார்களா என்று நீ கேட்கலாம். ஆனால் அதை நீதான் தீர்மானிக்க வேண்டும், உன் மேற்பார்வையாளரிடமும் கேள். என்னைக் காப்பாற்றுவதற்காக எதையும் எழுதாதே.

அப்பாயியிடம் நானே சொல்கிறேன். நீ அதற்கு முன் அவரோடு பேசினால் இதை எடுக்காதே.

ஒரு பந்தி கூடினால் 47க்குப் பிறகு எல்லாப் பக்கமும் தள்ளிப்போகும் என்று பயப்படாதே. ஸ்டைல் போட்டிருந்தால் பொருளடக்கத்தில் ரைட் கிளிக் பண்ணி அப்டேட் கொடு, எண் எல்லாம் மாறிவிடும். போடாவிட்டாலும் பரவாயில்லை, எதுவரை எழுதியிருக்கிறாயோ அதுவரை உள்ள ஃபைலை எனக்கு அனுப்பு. இந்த முறை வாசிக்கிறேன். கடை இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும், நீ அனுப்புகிற அன்றைக்கு அதற்குப் பிறகும் திறந்திருக்கும்.

அப்பா