செவ்வாய்க்கிழமை சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு

நோர்வூட்
2025.07.20, ஞாயிறு

அன்பு மகன் தம்பிக்கு,

அம்மா எழுதுறது. செவ்வாய்க்கிழமை நீ வீடியோ கோல் எடுத்தப்ப, "சிக்னல் இல்லப்பா, பொறகு பேசுறேன்"னு கட் பண்ணினேன்ல, அது பொய். சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம நாய் சூட்டி என் மடியில தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு மஞ்சளா வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தான். மேல் லயத்துப் பிள்ளை போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் உனக்குத் தெரிஞ்சுச்சு. வெள்ளிக்கிழமை நீ கத்தினது நியாயம்தான். போன்ல பதில் சொல்லப் போனா பாதியில அழுதுருவேன். அதான் எழுதி, அடுத்த காம்பரா மகளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். கத்தாரு ராத்திரியில நிதானமா வாசி. முதல்லயே சொல்லிடுறேன், அவன் உசுரோட இருக்கான். இப்ப என் காலுக்குக் கீழதான் படுத்திருக்கான்.

செவ்வாய் விடிய அஞ்சரை இருக்கும். அப்பா தேயிலை ஸ்டோர்ல வாச்சர் வேலை முடிஞ்சு இன்னும் வரல. அடுப்பு மூட்ட விறகு எடுக்கக் குனியிறேன், வாசல் இஸ்தோப்புல தடால்னு ஒரு சத்தம். வாளி உருளுது. சிறுத்தைப் புலின்னுதான் நெனைச்சேன். கீழ் டிவிஷன்ல போன மாசம் ரெண்டு நாயைத் தூக்கிட்டுப் போயிருக்கு. அந்தப் பயத்துலதான் இருட்டினா இவனை உள்ள கட்டி, விடியத்தான் அவிழ்த்து விடுறது. வெறகுக் கட்டையோட ஓடிப் போய்ப் பார்த்தா புலியும் இல்ல ஒண்ணும் இல்ல. இவன் தரையில கெடந்து இடது பக்கமாவே உருள்றான். எழும்பப் பார்க்கிறான், நாலு காலும் நாலு தெசைக்குப் போகுது, திரும்ப இடது பக்கம் விழுறான். தலை ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டுக் கெடக்கு.

ஆனா என்னைப் பயமுறுத்தினது அவன் கண்ணு. மழைக்கு பஸ் கண்ணாடியில வைப்பர் ஓடுமே, அப்படி ரெண்டு கண்மணியும் ஆடுது. ஒரு பக்கம் மெதுவாப் போகும், வெடுக்குனு மறுபக்கம் திரும்பும். நிக்கவே இல்ல. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல 26 வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டவ நான். வலிப்பு வந்த பிள்ளையைப் பார்த்திருக்கேன், காய்ச்சல்ல பெனாத்துற பிள்ளையைப் பார்த்திருக்கேன். இந்தக் கண்ணை மட்டும் பார்த்ததில்ல.

லயமே கூடிருச்சு. ஒருத்தர் யாரோ புல்லு மருந்து வைச்சிட்டாங்கன்னாரு. ஒருத்தி பக்கவாதம்னா. பின்னால நின்ன ஒருத்தர் "வெறி புடிச்சிருக்கும், கிட்டப் போகாதீங்க"ன்னதும் பிள்ளைகளையெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. தெரியாத நாயா இருந்தா நானும் தொட்டிருக்க மாட்டேன். நான் தகர டப்பாவைத் தெறந்து, உன் பொறப்புச் சான்றிதழோட வைச்சிருக்கிற ஊசிக் கார்டை எடுத்து நீட்டினேன். தோட்டத்து ஆளுக கூடுற பெரட்டுக் களத்துக்கு வந்து, வெறி வராம இலவசமாப் போடுற நீர்வெறுப்பு ஊசி, ஒரு வருஷம் விடல. அதுக்கப்புறந்தான் ரெண்டு பேர் கிட்ட வந்தாங்க.

இப்ப என் தப்பைச் சொல்றேன். மயங்கிட்டான்னு நெனைச்சு கோப்பையால வாயில தண்ணி ஊத்திட்டேன். பொறையேறி மூச்சு முட்டி இருமினான். தலை சுத்துற உசுருக்கு விழுங்குறது சரியா வராது, தண்ணி நெஞ்சுக்குள்ள போயிரும்னு பொறகுதான் டொக்டர் ஏசினாரு. பக்கத்து வீட்டு அக்கா அரைப் பெனடோல் கொண்டு வந்தா, அதையும் கையில வாங்கிட்டேன். நல்லவேளை குடுக்கல. மனுசனுக்கு ஒண்ணும் செய்யாத பெனடோல் நாய்க்கு ஈரலைக் கெடுத்துருமாம்.

டவுன்ல நாய்க்கு வைத்தியம் பார்க்கிற ஒரு எடத்து நம்பர் இருந்துச்சு, அங்கதான் முதல்ல எடுத்தேன். "வயசு என்னா?"ன்னாங்க. பதிமூணுன்னேன். "அப்ப கொண்டு வாங்க, ஊசி போட்டு உசுரை முடிச்சு விட்டுடலாம்." என்னா செய்யுது, சாப்பிட்டானா, ஒரு கேள்வி இல்ல. அப்பா அந்த நேரம்தான் வந்தாரு. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கிட்டு நின்னுட்டு, "துன்பப்படுத்தாம விட்டுடலாம் புள்ள"ன்னாரு. அவர் இரக்கத்துலதான் சொன்னாரு. ஆனா எனக்கு மனசு ஒப்பல. என்னா நோய்னே தெரியாம எப்படி விடுறது? நீ அந்த நேரம் பார்த்துத்தான் கோல் எடுத்த. அந்தக் கண்ணை நீயும் பார்த்தா, "விட்டுருங்கம்மா"ன்னு நீயும் சொல்லியிருப்ப. ரெண்டு ஆம்பளையும் ஒரே வார்த்தை சொன்னா நான் தனியா என்னா செய்ய? அதான் கட் பண்ணினேன். உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல தம்பி.

பிறகு அரசாங்க மிருக வைத்தியரைப் புடிச்சேன். அவர் எங்கயோ மாட்டுப் பட்டியில நின்னாரு, பின்னால மாடு கத்துது. "அம்மா, நான் சொல்றதை மட்டும் செய்யுங்க"ன்னாரு. மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க, பெருவிரலால ஒருக்கா அமத்தி விடுங்கன்னாரு. அமத்தின எடம் வெள்ளையாகி, ரெண்டு எண்ணுறதுக்குள்ள ரோஸ் நிறம் திரும்பிருச்சு. வயிறு மேளம் மாதிரி வீங்கியிருக்கா, வாந்தி வராம சும்மா ஓங்கரிக்கிறானான்னு கேட்டாரு. இல்ல. மணிக்கூட்டைப் பார்த்து மூச்சை எண்ணச் சொன்னாரு. ஒரு நிமிசத்துக்கு 28. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா காதை ஆட்டுறானான்னாரு. ஆட்டினான் தம்பி! கண்ணு அந்த ஆட்டம் ஆடுது, "சூட்டி"ன்னா காது நிமிருது. ஈறு கடதாசி மாதிரி வெளுத்திருந்தாலோ, வயிறு வீங்கியிருந்தாலோ ஒரு நிமிசம் நிக்காம பேராதனை மிருக வைத்தியசாலைக்கு ஓடச் சொல்லியிருப்பேன், உள்ளுக்குள்ள ரத்தம் போகுதுன்னோ எரப்பை முறுக்கிருச்சுன்னோ அர்த்தம், இப்ப பதறாம ஒம்பது மணிக்கு ஒபீசுக்குக் கொண்டு வாங்கன்னாரு.

தேயிலைக் கொழுந்து கட்டுற படங்குச் சாக்கை விரிச்சு, அதுல அவனைக் கெடத்தி, அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாப் புடிச்சு ரோட்டுக்கு எறக்கினோம். தலை ஆடாம ரெண்டு பக்கமும் துவாயைச் சுருட்டி வைச்சேன். ஓட்டோக்காரத் தம்பி வாயைக் கட்டினாத்தான் ஏத்துவேன்னு நின்னான். வாந்தி எடுக்கிற நாய்க்கு வாயைக் கட்டினா அது வாந்தியிலயே மூச்சடைச்சுச் செத்துரும்னு நான் வழியில நின்னு சண்டை புடிச்சேன். கடைசியில துவாயை முகத்துக்கு முன்னால ஒரு தடுப்பா புடிச்சுக்கிட்டுப் போறதுன்னு முடிவாச்சு. போக வர 1,800 ரூபா. தோட்டத்துல ஒரு நாள் சம்பளமே 1,350 தான். ஆனா திரும்பி வரும்போது அந்த ஓட்டோக்காரத் தம்பியே எறங்கி படங்கைப் புடிச்சான், அதையும் எழுதிடணும்.

டொக்டர் முதல்ல ஊசிக் கார்டைக் கேட்டாரு. வாந்தியைக் கையால தொடைச்சீங்களா, போய் சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு வாங்கன்னு என்னை வெளிய அனுப்பினாரு. பிறகு காய்ச்சல் பார்த்தாரு, 101.5. நான் பதறிட்டேன். நமக்குத்தான் அது காய்ச்சல், நாய்க்கு அது சாதாரண சூடாம். லைட் அடிச்சு ரெண்டு காதுக்குள்ளயும் பார்த்தாரு, சீழ் இல்ல, சிவப்பு இல்ல. அப்புறம் ஒண்ணு செஞ்சாரு. அவன் கால் பாதத்தை மடக்கி, மேல் பக்கம் மேசையில படுற மாதிரி திருப்பி வைச்சாரு. இவன் டக்குனு பாதத்தைத் திருப்பி சரியா ஊன்றினான். நாலு காலுக்கும் அப்படியே செஞ்சாரு, நாலையும் சரி பண்ணினான். அதைப் பார்த்துத்தான் டொக்டர் மொகம் தெளிஞ்சுச்சு. மூளையில அடி விழுந்திருந்தா பாதம் எப்படிக் கெடக்குதுன்னே அதுக்குத் தெரியாதாம். கண்ணும் பக்கவாட்டுலதான் ஆடுது, மேலயும் கீழயுமா ஆடினா யோசிக்கணும்னாரு.

காதுக்குள்ள ஒடம்பு சாயாம நிக்க வைக்கிற ஒரு உறுப்பு இருக்காம். அங்கயிருந்து மூளைக்குப் போற நரம்பு வயசான நாய்களுக்கு சிலநேரம் காரணமே இல்லாம திடீர்னு கொளம்பிருமாம். பார்க்கிறவங்க பக்கவாதம்னு நெனைப்பாங்க. அதுக்கு வலி கெடையாது, ஒலகமே சுத்துற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். "கினிகத்தேனை வளைவுல பஸ்ல வாந்தி வருமே, அதை நூறு மடங்கு வைச்சுக்குங்க"ன்னாரு. எனக்கு உடனே விளங்கிருச்சு, கண்டிக்குப் போன ஒவ்வொரு தடவையும் பேக்கோட ஒக்காந்தவ நான். வாந்திக்கு ஊசி போட்டு, தோலுக்குக் கீழ சேலைன் ஏத்தினாரு. "மூணு நாள் பாருங்க. கொறையலன்னா பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலைக்கு எழுதித் தாறேன். இன்னிக்கு எந்த முடிவும் எடுக்காதீங்க."

அந்த மூணு நாள் பெரிய கூத்து. சீமெந்துத் தரையில கால் வழுக்குதுன்னு உரச் சாக்கைக் கழுவிக் காய வைச்சு காம்பரா முழுக்க விரிச்சேன். இந்த ஆடி மழையில சாக்கு காயுதா? அடுப்புக்கு மேல கட்டித் தொங்க விட்டேன், வீடெல்லாம் பொகை நாத்தம். இருட்டுல தலை சுத்து கூடும்னு ராத்திரி முழுக்க சின்ன லைட்டை எரிய விட்டோம். பழைய சாரியைக் கிழிச்சு அவன் வயித்துக்கு அடியில கொடுத்து, ரெண்டு முனையையும் தூக்கிப் புடிச்சு வெளிய நடத்தினேன். பிள்ளைக் காம்பராவுல பிள்ளைகளைப் பெரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி ரெண்டு மணிக்கொருக்கா மத்தப் பக்கம் திருப்பினேன். புதன் முழுக்க ஒண்ணும் தொடல. வியாழன் ராத்திரி கண்ணாட்டம் கொறைஞ்சுச்சு. உப்புப் போடாம அவிச்ச கோழி ஈரலை உள்ளங்கையில வைச்சு நீட்டினேன், மூக்கை ரெண்டு தடவை வேற எங்கயோ கொண்டு போய் முட்டி, மூணாந் தடவை கண்டுபுடிச்சான். அந்த நாக்கோட சூடு கையில பட்டப்பதான் அழுதேன். அப்பா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாரு.

வெள்ளி சொவத்துல சாஞ்சு நின்னான். இன்னிக்கு நடக்கிறான், எப்படின்னா, சம்பள நாள் ராத்திரி உன் சின்ன மாமா ரோட்டுல வருவாரே, அதே நடை. ரெண்டு மூணு கெழமையில சரியாயிரும், ஆனா தலைச் சாய்வு கொஞ்சம் நெரந்தரமா நின்னாலும் நிக்கும்னாரு டொக்டர். திரும்ப வரவும் கூடும்.

ஒரு விசயம் கேட்கணும். நானும் அப்பாவும் பேசிட்டோம். அடுத்த தடவை ஏதாவது வந்து, ஈறு வெளுத்து, டொக்டரே இனி முடியாதுன்னு சொன்னா, நான் மறிக்க மாட்டேன், அப்பா சொன்னதுதான். அந்த நேரம் உனக்குக் கட்டாயம் கோல் எடுப்பேன், நீ எந்த ஷிப்டுல இருந்தாலும் சரி. 2012ல எட்டாம் வகுப்புல படிக்கும்போது நனைஞ்ச ஸ்கூல் பேக்குக்குள்ள வைச்சுக் கொண்டாந்தவன் நீ, உனக்குத் தெரியாம அவன் போகக் கூடாது. அதுக்கு நீ சம்மதமான்னு மட்டும் எழுது. சல்லி அனுப்பாத, ஓவர்டைம் செஞ்சு ஒடம்பைக் கெடுத்துக்காத, இங்க சமாளிச்சாச்சு.

இன்னிக்கு ராத்திரி கோல் எடு. கட் பண்ண மாட்டேன். அவனுக்கு இப்ப தலை இடது பக்கமா சாஞ்சேதான் இருக்கு, போனை நேராப் புடிச்சா மொகம் சரியா விழாது. நீயும் கொஞ்சம் சாய்ச்சுப் புடி.

அம்மா