லேவியராகமம் 19-ஐ முழுசாகப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடவுளின் பரிசுத்தம் பற்றி உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள், ஆனால் கடைசியில் வழக்கம்போல வெள்ளை உடுப்பு, நகை போடாதே, சினிமா பார்க்காதே என்று வந்து நின்றுவிட்டது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு சபை இருக்கும், அங்கேயும் பாதி நாள் இதே பிரசங்கம்தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நகை போடாதவர்களை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலேயே உண்டு. என் ஆதங்கம் வேறு. "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்பது கிறிஸ்தவ வேதமான பைபிளில், லேவியராகமம் என்ற புத்தகத்தின் 19-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் வருகிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வேதத்தை மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே போனால் வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்று இருக்கிறது. செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கலை வைக்காதே, தராசிலும் படியிலும் ஏமாற்றாதே என்று வரிசையாகப் போகிறது. துணி பற்றியும் ஒரு வரி உண்டு, இருவகை நூல் கலந்ததை உடுத்தாதே என்று. பாலியெஸ்டர் கலந்த வெள்ளைச் சட்டையோடு மேடை ஏறுகிறவர்கள் அதை மட்டும் ஏனோ தொடுவதில்லை!

13-ஆம் வசனம்தான் என்னை எழுத வைத்தது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது. எங்கள் பகுதியில் போன வருடம் மூன்று நாள் கூட்டம் நடந்தது, மூன்று நாளும் பரிசுத்தம்தான் தலைப்பு. கடைசி நாள் ராத்திரி ஜனம் எல்லாம் கலைந்த பிறகு, பந்தல் போட்ட பையன்கள் பிரித்த தகரத்தின் மேலேயே உட்கார்ந்து காசுக்காகக் காத்திருந்தார்கள். பாதி கொடுத்து, மீதியை அப்புறம் வந்து வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மீதி இன்னும் வரவில்லை என்று போன வாரம்கூட ஒரு பையன் சொன்னான்.

அப்படியென்றால் பரிசுத்தம் என்பது நாணயமாக நடப்பது மட்டும்தானா என்று கேட்கலாம். இல்லை. அதில் பயமும் உண்டு, அது போய்விட்டால் கடவுள் நம் சிநேகிதரில் ஒருவராகிவிடுவார். ஏசாயா தீர்க்கதரிசி ஆலயத்தில் சேராபீன்கள் என்கிற தேவதூதர்களின் சத்தத்தைக் கேட்டதும், ஐயோ, நான் அசுத்த உதடுகளுள்ளவன், அழிந்தேன் என்று அலறினார். ஆனால் அவரை யாரும் வெளியே தள்ளவில்லை. பலிபீடத்து நெருப்புத்தழலால் உதட்டைத் தொட்டு, பாவத்தை நீக்கி, பிறகு வேலைக்கு அனுப்பினார்கள். ஏசாயா புத்தகத்தில் இதற்கு முந்தைய அதிகாரத்தையும் பாருங்கள், அடுத்தவனுக்கு இடமில்லாதபடி வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்க்கிறவர்களுக்கு ஐயோ என்றும், பரிசுத்தமுள்ள தேவன் நீதியினால்தான் பரிசுத்தராய் விளங்குவார் என்றும் அதே ஏசாயா சொல்கிறார்.

பிறகு இயேசுவின் சீடரான மீனவர் பேதுருவுக்கும் இதுதான் நடந்தது, அதுவும் கோயிலில் இல்லை, மீன் நிறைந்து அமிழ்ந்துபோகிற படகில். நான் பாவி, என்னைவிட்டுப் போய்விடும் ஆண்டவரே என்று காலில் விழுந்தார். இயேசு போகவில்லை, பயப்படாதே என்றார். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற எங்கள் காசிமேட்டு ஜனத்துக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் எங்கள் தெருவில் மீன் விற்கிற அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைதான் காசிமேட்டில் வியாபாரம் சூடாக இருக்கும், அதனால் சாயங்கால ஆராதனைக்குத்தான் வருவார். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தும் கடைசி வரிசையில், செருப்பு விடுகிற இடத்தை ஒட்டி உட்காருகிறார். முன்னால் வாங்க அக்கா என்றால், "வேணாம்பா, பரிசுத்த ஸ்தலம்" என்கிறார். தொழுநோயாளியைக் கை நீட்டித் தொட்டவர், பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவளை மகளே என்று கூப்பிட்டவர் பெயரில் நடக்கிற ஆராதனையில் இவர் இப்படி உட்கார வேண்டியிருக்கிறது. தீட்டு இயேசுவின்மேல் ஒட்டவில்லை, அவருடைய பரிசுத்தம்தான் அவர்கள்மேல் பாய்ந்தது. இதைப் பிரசங்கிக்க என்ன தயக்கமோ!

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை விளக்கி ஒரு கட்டுரை யாரிடமாவது வாங்கிப் போடுங்கள். இந்த வருடக் கூட்டத்துக்குச் சுவரொட்டி ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், முதல் நாள் ஜெபத்துக்கு முன்னாலேயே பந்தல் பையன்களின் பழைய பாக்கியைத் தீர்த்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81