நீங்கள் போடும் ஊசியும் மோயாற்றுப் பாறுகளின் இரையும்

நீலகிரி, ஈரோடு மாவட்டங்களின் கால்நடை மருத்துவர்களுக்கும், மருந்துக்கடைக்காரர்களுக்கும், மாடு வளர்ப்போருக்கும்

வணக்கம்.

முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டி ஓடும் மோயாற்றின் கரையில், உயர்ந்த நீர்மத்தி மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் அவை கூட்டமாகக் குஞ்சு பொரிக்க எஞ்சியிருக்கும் முக்கியமான இடம் இது. பிணந்தின்னிக் கழுகு என்று ஊரில் முகம் சுளிக்கும் இந்தப் பறவைகள் பிழைப்பதும் சாவதும், காய்ச்சல் கண்ட ஒரு மாட்டுக்கு நீங்கள் எந்த வலிமருந்தைப் போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெயிலை வாங்கிப் புல் வளர்கிறது, புல்லை மாடு மேய்கிறது, மாட்டைப் புலி அடிக்கிறது. பள்ளிக்கூடப் பாடம் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடும். ஆனால் காட்டில் எல்லா விலங்கும் புலி வாயில் சாவதில்லை. நோயிலும் மூப்பிலும் வறட்சியிலும் விழுகிற உடல்களை உண்டு தீர்க்கவும் உயிர்கள் வேண்டும். புழு, வண்டு, பூஞ்சை, நரி எல்லாம் அந்த வேலையைச் செய்பவைதான். பெரிய உடலை வேகமாகத் தீர்ப்பதில் பாறுகளுக்கு இணை கிடையாது.

அவை இரை உண்பதைத் தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கு தெரியும். வானில் வட்டமிடும் ஒரு பாறு இறங்கினால், தொலைவில் பறக்கும் இன்னொன்று அதைக் கண்டு வருகிறது, அதைப் பார்த்து அடுத்தது. பாறுகள் இரையைத் தேடுவது கண்ணால். கெட்டித் தோலைக் கிழிப்பது எளிதல்ல என்பதால், கண், வாய், வால் அடி என்று மென்மையான இடங்களில் தொடங்குகின்றன. வெண்முதுகுப் பாறு இறகு குறைந்த நீண்ட கழுத்தை உடலுக்குள் நுழைத்துச் சதையை இழுக்கும். செந்தலைப் பாறு ஒன்றிரண்டாக வந்து ஓரத்தில் நிற்கும். மெல்லிய அலகுள்ள மஞ்சள்முகப் பாறு எலும்பில் ஒட்டிய துணுக்குகளைப் பொறுக்கும். பெருங்கூட்டம் இறங்கினால் ஒரு மாடு ஒரு மணி நேரத்துக்குள் எலும்புக்கூடாகிவிடும். அழுகிய இறைச்சியில் இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை அவற்றின் கடுமையான இரைப்பை அமிலத்தில் மடிகின்றன. மாடு வளர்ப்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பாறுகளின் விரல்களுக்கு இரையைப் பற்றித் தூக்கும் வலு கிடையாது. ஆட்டுக்குட்டியையோ கன்றையோ அவை கொண்டுபோகாது.

இப்போது ஊசிக்கு வருகிறேன். டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து போட்ட மாடு சில நாட்களுக்குள் இறந்தால், மருந்து அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சதையிலும் தங்கியிருக்கும். அதை உண்ட பாறின் சிறுநீரகம் செயலிழக்கிறது. வெளியேற முடியாத யூரிக் அமிலம் ஈரல் மீதும் இதயத்தின் மீதும் சுண்ணாம்பு பூசியதுபோலப் படிந்து, சில நாட்களில் பறவை செத்துவிடுகிறது. இந்தக் காரணம் 2004-ல்தான் ஆய்வில் தெளிவானது. அதற்குள் பெரும் அழிவு நடந்து முடிந்திருந்தது: 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்தன. இறந்த மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இத்தகைய வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே உடலில் பல பறவைகள் பசியாறுவதால் வரும் வினை இது. ஒரு இணை ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும், குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கத்துக்கு வர ஐந்தாண்டுகள் ஆகும். ஒரு நாளில் போனதைத் திரும்பப் பெற ஒரு தலைமுறை பிடிக்கும்.

பாறுகள் மறைந்த ஊர்களில் பிணங்களை நாய்கள் தின்கின்றன. ஒரு மாட்டைத் தீர்க்க அவற்றுக்குப் பல நாட்கள் ஆகும். அவை பெருகினால் வெறிநாய்க்கடி பயமும் கூடும்.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-ல் தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015-ல் அவை 3 மில்லி குப்பியாகச் சுருக்கப்பட்டன. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் ஆகிய வலிமருந்துகளும் கால்நடைகளுக்கு நிறுத்தப்பட்டன. ஆனாலும் மாட்டுக்காரர் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டதும் கடையில் எடுத்துக் கொடுத்துவிட்டால், தடை காகிதத்தோடு நின்றுபோகும்.

மருத்துவர்களே, மடிநோய்க்கும் காய்ச்சலுக்கும் மெலாக்சிகம் அல்லது டோல்ஃபெனமிக் அமிலத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். இரண்டும் பாறுகளுக்குக் கேடில்லை என்று சோதித்து அறிந்தவை. ஃப்ளூனிக்சின் வேண்டாம், அதனால் பாறு இறந்தது பதிவாகியிருக்கிறது. கடைக்காரர்களே, மாட்டுக்கு என்று யார் கேட்டாலும் டைக்ளோஃபெனாக் தராதீர்கள், மெலாக்சிகத்தை எடுத்துக் காட்டுங்கள்.

மாடு வளர்ப்போரே, என்ன மருந்து என்று தெரியாத ஊசி போட்டுச் சில நாட்களில் மாடு இறந்துவிட்டால், அதை வெளியில் விடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். புலி அடித்த மாட்டின் மீது கோபத்தில் விஷம் தூவாதீர்கள். முதலில் சாவது அதில் வந்து இறங்கும் பாறுகள்தான். இழப்பீட்டுக்கு வனத்துறையிடம் உடனே மனுக் கொடுங்கள். காட்டுக்குள் மருந்து படாமல் இறந்த உடலை, இறங்கி வரும் பறவைகளுக்கு விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
மோயாற்றுப் பகுதிப் பறவை ஆர்வலர் ஒருவர்